உங்களுக்குத் தெரியுமா? ஒரு க்ளிக்குக்கு யார் காசு கொடுக்கிறார்?

போனில் ஏதோ படித்துக்கொண்டிருப்போம். நடுவில் ஒரு கட்டம் எட்டிப் பார்க்கும். ‘இட்லியா, தோசையா?’, ‘இந்த ஆண்டின் சிறந்த மிக்ஸி எது?’, ‘அடுத்த ஆட்சி யாருடையது?’ விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், ‘முடிவைப் பார்க்க உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள்’ என்று அடுத்த கட்டம் வந்து நிற்கும். நம்பரைக் கொடுத்தால் முகம் தெரியாத யாரோ ஒருவரின் கணக்கில் சில ரூபாய்கள் ஏறும். அந்தக் காசு எங்கிருந்து கிளம்பி எந்த வழியாகப் போகிறது என்பதைப் பற்றிச் சில துணுக்குகள்.

பூவில் தொடங்கியது

நம் லிங்க் வழியாகப் போய் ஒருவர் பொருள் வாங்கினால் கடைக்காரர் நமக்குக் கமிஷன் தருவதுதான் அஃபிலியேட் வருமானம். நிலத் தரகர் செய்வதும் இதேதான். இங்கே தரகர் கூடவே நடந்து வருவதில்லை, அவ்வளவுதான். இதை ஆன்லைனில் முதலில் நடத்திக் காட்டியவர் என்று சொல்லப்படுபவர் வில்லியம் டோபின் என்ற அமெரிக்கர். 1989-ல், இன்றைய இன்டர்நெட் வீடுகளுக்குள் வராத காலத்தில், ப்ராடிஜி என்ற கணினி வலையமைப்பில் பூங்கொத்து விற்றார். விற்பனையில் ஒரு பங்கை ப்ராடிஜிக்குக் கொடுத்தார். இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு 1996-ல் விண்ணப்பித்தார். கைக்குக் கிடைத்தபோது 2000-ம் ஆண்டு ஆகியிருந்தது.

அதற்குள் 1994-ல் சிடிநவ் என்ற இசைத்தட்டுக் கடையும், 1996 ஜூலையில் அமேசானும் இதே வேலையைத் தொடங்கிவிட்டன. அமேசானும் சும்மா இருக்கவில்லை. டோபினுக்குச் சில மாதங்கள் முன்பாகவே, 2000 பிப்ரவரியில், தன் முறைக்குத் தனியாக ஒரு காப்புரிமை வாங்கிக்கொண்டது!

முதல் விளம்பரத்தின் அதிர்ஷ்டம்

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் என்ற இணைய இதழில் ஏடி&டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்தது. பார்த்த நூறு பேரில் 44 பேர் க்ளிக் செய்ததாகச் சொல்வார்கள். இன்று அப்படிப்பட்ட பட்டை விளம்பரத்துக்கு நூற்றில் ஒருவர் கிடைத்தாலே விளம்பரதாரர் இனிப்பு வாங்கிக் கொடுப்பார்.

உங்களை அடையாளம் வைத்திருப்பது யார்?

நம்மை இந்த லிங்க்தான் அனுப்பியது என்று கடைக்கு எப்படித் தெரிகிறது? குக்கீ என்ற சின்னக் குறிப்பு நம் பிரவுசரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுல்லி உருவாக்கியது இது. வாடிக்கையாளரின் கூடையில் என்ன இருக்கிறது என்று கடை நினைவில் வைத்துக்கொள்வதற்காகத்தான் முதலில் யோசித்தார்கள். தரகருக்குக் கணக்கு எழுதும் வேலை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அமேசானின் குக்கீக்கு ஆயுள் 24 மணி நேரம். அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் 90 நாள் வரை அவகாசம் உண்டு. இன்னொரு வேடிக்கை: குக்கர் லிங்க்கைத் தட்டிப் போனவர் குக்கரை வாங்காமல் செருப்பு வாங்கினாலும் அனுப்பியவருக்குக் கமிஷன் சேரும்.

சின்னச் சம்மதம், பெரிய சம்மதம்

நேரடியாக ‘இந்த இன்ஷூரன்ஸை வாங்குங்கள்’ என்று விளம்பரம் கொடுக்காமல், ‘வீட்டில் இன்ஷூரன்ஸ் எடுத்தது யார்? அப்பாவா, அம்மாவா?’ என்று ஏன் கருத்துக்கணிப்பு நடத்துகிறார்கள்?

விடை 1966-ல் கிடைத்தது. ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் வீடு வீடாக ஆள் அனுப்பி, ‘கவனமாக ஓட்டுங்கள்’ என்று எழுதிய பெரிய, அசிங்கமான பலகையை வாசலில் நட்டுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்க வைத்தார்கள். திடீரென்று கேட்டபோது சம்மதித்தவர்கள் சுமார் 17 சதவீதம். சில நாட்களுக்கு முன்பு அதே விஷயத்தைப் பற்றிய கையகல அட்டை ஒன்றை ஜன்னலில் ஒட்டச் சம்மதித்திருந்தவர்களிடம் கேட்டபோது, 76 சதவீதம் பேர் தலையாட்டினார்கள். முதல் ‘சரி’ சொன்னவர் இரண்டாவது ‘சரி’யையும் சொல்லிவிடுகிறார். ஆன்லைன் ஓட்டுப் பெட்டி என்பது அந்தக் கையகல அட்டைதான். பெரிய பலகை பின்னால் வருகிறது.

ஏலத்தில் ஜெயிப்பது எப்படி?

கூகுளில் எதைத் தேடினாலும் மேலே விளம்பரம் வருகிறதே, அந்த இடம் ஒவ்வொரு தேடலின்போதும் கண் இமைக்கும் நேரத்தில் ஏலம் போகிறது. இந்த யோசனையை 1998-ல் பெரிய அளவில் செய்து காட்டியவர் பில் கிராஸ். கோடூ என்ற அவருடைய தேடல் தளத்தில் யார் ஒரு க்ளிக்குக்கு அதிகம் தருகிறாரோ அவருக்கு முதலிடம். பிறகு அது ஓவர்ச்சர் என்று பெயர் மாறி, 2003-ல் யாகூவுக்கு 160 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. கூகுள் தன் விளம்பரச் சேவையை 350 விளம்பரதாரர்களோடு 2000 அக்டோபரில் தொடங்கி, 2002-ல் ஏலத்துக்கு மாறியது.

கூகுள் அதில் ஒரு திருத்தம் செய்தது. விலையை மட்டும் பார்க்காமல், எத்தனை பேர் க்ளிக் செய்வார்கள் என்பதையும் சேர்த்துப் பெருக்கியது. ஒருவர் க்ளிக்குக்கு 10 ரூபாய் தருகிறார். நூறு பேரில் ஒருவர்தான் அவர் விளம்பரத்தைத் தொடுகிறார். கூகுளுக்கு 10 ரூபாய். இன்னொருவர் 6 ரூபாய்தான் தருகிறார்; ஆனால் நூற்றில் இரண்டு பேர் தொடுகிறார்கள். கூகுளுக்கு 12 ரூபாய். முதலிடம் இரண்டாமவருக்கே.

விளம்பர உலகம் ஏன் இவ்வளவு பரபரப்பான கேள்விகளைக் கேட்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். தொடத் தூண்டும் கேள்விக்குக் க்ளிக் மலிவாகக் கிடைக்கும். ‘தோனியா, கோலியா?’ என்று கேட்பவருக்குக் கிரிக்கெட்டில் ஆர்வமே இல்லாமலிருக்கலாம்.

லாபம் எங்கே, நஷ்டம் எங்கே?

கணக்கைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம். எண்கள் நான் போட்டவை. ஒரு க்ளிக்குக்கு 3 ரூபாய் வீதம் நூறு பேரை விளம்பரம் மூலம் கருத்துக்கணிப்புக்கு அழைத்து வருகிறீர்கள். செலவு 300. நாற்பது பேர் ஓட்டுப் போடுகிறார்கள். பத்துப் பேர் போன் நம்பர் கொடுக்கிறார்கள். கடன் அட்டை விற்கும் கம்பெனி ஒரு நம்பருக்கு 40 ரூபாய் தருகிறது. வரவு 400. நூறு ரூபாய் லாபம். ‘ஆஹா, ஆயிரம் பேரை அழைத்தால்?’ என்று மனசு உடனே பெருக்கல் போடும்.

மறுநாள் போட்டிக்கு ஒருவர் வருகிறார், க்ளிக் விலை 4 ரூபாயாகிறது. வந்த பத்து நம்பரில் மூன்று தப்பு என்று கம்பெனி கழித்துவிடுகிறது. செலவு 400, வரவு 280. ஒரே நாளில் லாபம் 100 போய் நஷ்டம் 120. இந்தத் தொழிலில் இருப்பவர்களைத் தூங்கவிடாமல் செய்வது செலவு, வரவு என்ற இந்த இரண்டு எண்கள்தான். விளம்பரக் காசு இன்றே போய்விடும். கமிஷன் வருவதற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும். பொருளை வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால் அதுவும் வராது. ‘மாதம் லட்சம்’ என்று வகுப்பு நடத்துகிறவர்கள் பலகையில் முதல் நாள் கணக்கை மட்டும்தான் எழுதிக் காட்டுகிறார்கள்.

‘எங்கள் பெயரை வைத்து எங்களிடமே விற்காதே’

2009 மே 1 முதல் வட அமெரிக்காவில் அமேசான் ஒரு கதவைச் சாத்தியது. தேடல் தளங்களில் காசு கொடுத்து விளம்பரம் வாங்கி, அதன் வழியே அமேசானுக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு இனி கமிஷன் கிடையாது என்றது. காரணம் ஒன்றும் மர்மமில்லை. அமேசான் பெயரைத் தேடி வருகிறவர் எப்படியும் அமேசானுக்குத்தானே வரப்போகிறார்? நடுவில் ஒருவர் நின்றுகொண்டு வழிகாட்டியதற்குக் கூலி கேட்டால்? இன்றும் பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இந்தத் தடை உண்டு. படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் சேர்ந்த கமிஷனையும் இழக்கிறார்கள்.

அந்தக் கமிஷனும் நிரந்தரமில்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் உலகமே ஆன்லைனில் வாங்கிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க அமேசான் மேசை நாற்காலிகளுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆகவும், மளிகைக்கு 5-லிருந்து 1 ஆகவும் குறைத்தது.

இருபது லட்சத்துக்கு மேல் பதில்கள், விடை தப்பு

ஆன்லைன் ஓட்டெடுப்பை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இன்டர்நெட் பிறக்குமுன்பே சாட்சி உண்டு. 1936-ல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்க வார இதழ் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. ஆல்ஃப் லாண்டன்தான் அடுத்த அதிபர் என்று இதழ் அடித்துச் சொன்னது. நடந்தது என்ன? அன்றிருந்த 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும் பெயர் இருந்தவர்களிடம்தான் கேட்டிருந்தார்கள். அதிலும் பதில் எழுதும் ஆத்திரம் இருந்தவர்கள்தான் எழுதினார்கள். இரண்டே ஆண்டில் இதழே மூடப்பட்டது.

அந்தக் கணிப்புகளுக்குச் சந்தாதாரர் பிடிப்பதும் ஒரு நோக்கமாக இருந்தது. ஓட்டைக் காட்டிப் பொருளை விற்கும் வித்தை, ஆக, தாத்தா காலத்தது.

எந்திரம் போட்ட ஓட்டு

2009-ல் டைம் இதழ், உலகின் செல்வாக்கு மிக்கவர் யார் என்று ஆன்லைனில் ஓட்டெடுப்பு நடத்தியது. முதலிடம் பிடித்தவர் ஃபோர்சான் என்ற தளத்தை நடத்திய இளைஞர். அவருடைய ஆதரவாளர்கள் தானியங்கி நிரல்களை வைத்து ஓட்டுகளைக் கொட்டியதோடு நிற்கவில்லை. முதல் 21 பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் தங்களுடைய உள்வட்ட நகைச்சுவை வருமாறு வரிசையையே அமைத்துவிட்டார்கள். 2016-ல் பிரிட்டனின் துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டார்கள். ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ என்ற கிண்டல் பெயர் 1,24,109 ஓட்டு வாங்கி ஜெயித்தது. கப்பலுக்கு சர் டேவிட் அட்டன்பரோ பெயரை வைத்துவிட்டு அமைச்சர் தப்பித்தார்.

தாஜ்மகாலுக்கு ஓட்டுப் போட்டீர்களா?

2007-ல் ‘உலகின் புதிய ஏழு அதிசயங்கள்’ என்று ஊரெல்லாம் எஸ்எம்எஸ் அனுப்பியது நினைவிருக்கிறதா? ஜூலை 7 அன்று லிஸ்பனில் முடிவு சொன்னார்கள். யுனெஸ்கோ இதற்கும் தனக்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. நடத்தியது ஒரு தனியார் அமைப்பு. போன் வழி ஓட்டும் எஸ்எம்எஸ்ஸும் அதற்கு வருமானம். ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் காசு கொடுத்து ஓட்டுப் போடலாம். அடுத்து நடந்த இயற்கை அதிசயங்கள் ஓட்டெடுப்பிலிருந்து, செலவு தாங்கவில்லை என்று 2011-ல் மாலத்தீவு விலகியது.

335 பேர் பதில் சொன்னார்கள், 5,62,455 பேர் மாட்டினார்கள்

ஃபேஸ்புக்கில் ‘உங்கள் குணம் என்ன?’ என்று ஒரு கேள்வித்தாள் செயலி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் உருவாக்கியது. நிரப்பினால் கொஞ்சம் காசும் தந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் மூன்று லட்சம் பேர் நிரப்பினார்கள். செயலி அவர்களோடு நிற்காமல் அவர்களுடைய நண்பர்களின் தகவல்களையும் அள்ளிக்கொண்டது. மொத்தம் 8.7 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்று 2018-ல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் செயலியை நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே. தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455.

அந்தத் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை இதுதான். மறு ஆண்டு அமெரிக்க வணிக ஆணையம் ஃபேஸ்புக்குக்குப் போட்ட அபராதம் 500 கோடி டாலர். பதில் எழுதியவர்களுக்குக் கிடைத்ததோ ஆளுக்குச் சில டாலர்கள்தான்.

வாரம் இரண்டு சர்வே, வருடம் 52,000

இந்தத் துணுக்கு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010-ல் ஸ்பீக் ஏசியா என்ற சிங்கப்பூர் நிறுவனம் இந்தியாவில் கடை விரித்தது. 11,000 ரூபாய் கட்டி உறுப்பினரானால் வாரம் இரண்டு சர்வே வரும். சோப்பு, பிஸ்கட், போன் என்று சுலபமான கேள்விகள். நிரப்பினால் ஆண்டுக்கு 52,000 ரூபாய். புதிதாக ஆள் சேர்த்துவிட்டால் தனிக் கமிஷன். முதலில் சேர்ந்தவர்களுக்குப் பணம் வந்தது. வந்ததைக் காட்டி மச்சானையும் மாமாவையும் சேர்த்துவிட்டார்கள். தொலைக்காட்சியிலும் விளம்பரம் வந்ததால் நம்பிக்கை பெருகியது.

2011 மே மாதம் செய்தியாளர்கள் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: இந்த சர்வேக்களை வாங்குகிறவர்கள் யார்? வாடிக்கையாளர்கள் என்று சொல்லப்பட்ட பெரிய நிறுவனங்கள், எங்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று கைவிரித்தன. உறுப்பினர்கள் சுமார் 24 லட்சம். மும்பை பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்ன தொகை 2,200 கோடி ரூபாய்க்கும் மேல். முக்கியக் குற்றவாளியாகத் தேடப்பட்டவர் 2013-ல்தான் டெல்லியில் பிடிபட்டார்.

ஒரு பெருக்கல் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். 24 லட்சம் பேருக்கு ஆளுக்கு 52,000 என்றால் ஆண்டுக்கு 12,480 கோடி. எந்த சோப்புக் கம்பெனி, எந்த பிஸ்கட் கம்பெனி, ‘உங்களுக்கு எந்த வாசனை பிடிக்கும்?’ என்று கேட்க அவ்வளவு கொடுக்கும்? பணம் கட்டியவர்களின் பணம்தான் பணம் கட்டியவர்களுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வாங்க ஆள் இல்லாத சர்வே என்று அதைச் சொல்லலாம்.

ஒரு லைக்குக்கு ஐந்து ரூபாய்

ஸ்பீக் ஏசியா அடங்கிய சில ஆண்டுகளில் நொய்டாவில் சோஷியல்ட்ரேட் கிளம்பியது. 5,750 ரூபாயிலிருந்து 57,500 வரை கட்டணம். அவர்கள் அனுப்பும் லிங்க்கைத் தொட்டால் ஒரு க்ளிக்குக்கு ஐந்து ரூபாய். உண்மையில் உறுப்பினர்கள் தங்கள் லிங்க்குகளையே மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தார்கள். 2017 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப்படை நிறுவனரைக் கைது செய்தபோது சொன்ன கணக்கு: ஆறரை லட்சம் பேர், 3,700 கோடி ரூபாய்.

மேலே ஏலத்தில் பார்த்தோமே, உண்மையான விளம்பரதாரர் ஒரு க்ளிக்குக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால், க்ளிக் செய்தவர் பொருள் வாங்குவார் என்ற நம்பிக்கையில் கொடுக்கிறார். காசுக்காகவே தொடுகிறவரின் க்ளிக்குக்கு அவர் காலணா தரமாட்டார். கூகுளின் விதிகளிலேயே அது செல்லாத க்ளிக். கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள்.

கோவையில் கூடிய கூட்டம்

2024 ஜனவரி இறுதியில் கோவை நீலாம்பூர் பக்கம் பல்லாயிரம் பேர் திரண்டு போக்குவரத்து திணறியது. அரசியல் மாநாடு இல்லை. போனில் விளம்பரம் பார்த்தால் தினமும் பணம் தருவதாகச் சொன்ன மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது மாநகரக் காவல்துறை வழக்குப் போட்டதை எதிர்த்து, அதன் உறுப்பினர்களே கூடிய கூட்டம். உறுப்பினர் கட்டணம் 360 ரூபாயிலிருந்து 1.21 லட்சம் வரை. கட்டணத்துக்கு ஏற்பத் தினசரி வருமானம் ஐந்து ரூபாயிலிருந்து 1,800 வரை என்று செய்திகள் வந்தன.

வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் வேலை. எனக்குத் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். புகார் கொடுக்க வேண்டியவர்கள் என்று காவல்துறை கருதியவர்களே நிறுவனத்துக்கு ஆதரவாகத் தெருவில் நின்றார்கள். கட்டிய பணம் திரும்ப வரும்வரை நிறுவனம் மூடப்படக் கூடாது என்ற பயம் அதில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

உண்மையான சர்வே எவ்வளவு தரும்?

எல்லாமே மோசடி என்று சொல்ல வரவில்லை. யூகவ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2000-லிருந்து ஆன்லைனிலேயே கருத்துக் கேட்டு அதை விற்றுப் பிழைக்கிறது. கூகுளின் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் 2013-ல் அமெரிக்காவில் தொடங்கி 2017-ல் இந்தியாவுக்கு வந்தது. இவை யாரிடமும் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. அதே நேரத்தில் யாரையும் பணக்காரராக்குவதுமில்லை. மாதக் கடைசியில் பார்த்தால் ஒரு டீ, ஒரு வடைக்குத் தேறும். அல்லது போனில் ஒரு செயலி வாங்கலாம்.

பாதி சர்வேயில் ‘மன்னிக்கவும், நீங்கள் தகுதி பெறவில்லை’ என்று வெளியே அனுப்புவது பலருக்கு எரிச்சல். கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் இருநூறு பேர் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருப்பார். நாம் ரிட்டயர்டு பேங்க் மேனேஜராக இருப்போம். ஆனால் இருபது கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு இருபத்தொன்றாவதில் வெளியே தள்ளுகிற தளமும் உண்டு. அதை இரண்டாவது முறை திறக்க வேண்டாம்.

இலவசம் என்றால் எத்தனை படி?

2013 மார்ச்சில் அமெரிக்க வணிக ஆணையம் 29 பேர் மீது வழக்குப் போட்டது. ‘உங்களுக்கு 1,000 டாலர் பரிசு அட்டை விழுந்திருக்கிறது’ என்று 18 கோடிக்கும் அதிகமான எஸ்எம்எஸ் அனுப்பியவர்கள் அவர்கள். லிங்க்கைத் தொட்டால் பெயர், முகவரி, உடல்நலம் என்று கேள்வி கேட்கும். பிறகு பத்துப் பன்னிரண்டு சலுகைகளில் சேரச் சொல்லும். சிலவற்றுக்குக் கிரெடிட் கார்டு எண்ணும் வேண்டும். பரிசு கடைசிப் படிக்கும் அப்பால். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒரு அஃபிலியேட்டுக்குக் கமிஷன் விழுந்துகொண்டிருந்தது. இதே மாதிரி ‘இலவச’ப் பரிசு விவகாரத்தில் 2008-ல் வேல்யூக்ளிக் நிறுவனம் 29 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது.

அழைக்காமலே வந்த வாடிக்கையாளர்

ஈபே நிறுவனத்துக்கு ஆள் அனுப்பியதில் முதலிடம் பிடித்த ஒருவருக்கு மட்டும் சில ஆண்டுகளில் 2 கோடியே 80 லட்சம் டாலர் கமிஷன் போனது. ஆனால் வந்தவர்கள் எல்லோரையும் அவர் அனுப்பவில்லை! மற்றவர்களின் இணையப் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைப் பதித்து, அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களின் பிரவுசரில் தன் குக்கீயைத் திணித்துவிட்டார். அவர்கள் பிறகு தாமாக ஈபேக்குப் போய் எதை வாங்கினாலும் கமிஷன் இவருக்கு. இதே வேலையைச் செய்த இன்னொருவரும் சிக்கினார். 2014-ல் ஒருவருக்கு ஐந்து மாதமும் மற்றவருக்குப் பதினைந்து மாதமும் சிறை.

‘இது விளம்பரம்’ என்று சொல்லியாக வேண்டும்

இந்தியாவில் கமிஷன் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விளம்பரத் தர மன்றம் 2021-ல் விதி கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். பத்து ஹேஷ்டேக்குகளுக்கு நடுவில் ‘விளம்பரம்’ என்பதை ஒளித்து வைப்பதும் செல்லாது.

வருமான வரியும் உண்டு. ஒரு நிதியாண்டில் ஒரே நிறுவனம் தரும் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் எண் கொடுக்கவில்லை என்றால் பிடித்தம் 20 சதவீதம்.

முதல் 150 ரூபாய் யாருடையது?

இப்போதைய புது அவதாரம் டெலிகிராமில் இருக்கிறது. ‘யூடியூப் வீடியோவுக்கு லைக் போடுங்கள், ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், 150 ரூபாய்’ என்று ஆரம்பிக்கும். அந்த 150 உண்மையிலேயே வரும். 500-ம் வரும். அதன்பின் ‘பிரீமியம் டாஸ்க்’ என்று ஆயிரம் கட்டச் சொல்வார்கள். 1,300 ஆகத் திரும்பி வரும். பிறகு பத்தாயிரம், ஐம்பதாயிரம். திரையில் தொகை ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் ‘வரி கட்டுங்கள்’, ‘கணக்கு முடங்கிவிட்டது, விடுவிக்கக் கட்டுங்கள்’ என்பார்கள். 2023 டிசம்பரில் மத்திய அரசு இப்படிப்பட்ட நூறுக்கும் மேற்பட்ட தளங்களை முடக்கியது. அமெரிக்காவில் 2020-ல் இப்படி ஒரு புகார்கூட இல்லை. 2024-ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 20,000 புகார்கள்.

வேலைக்குச் சேர்கிறவர் முதலாளிக்குப் பணம் கட்டுகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. கட்டச் சொன்ன அந்த நிமிடமே வெளியே வந்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றத் தடுப்பு உதவி எண் அதுதான், இரவிலும் எடுப்பார்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால், வங்கியில் முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது.